நாற்காலியும் உடலின் உரிமையும்



சென்னை பெரியமேட்டில் தோல் ஏற்றுமதி அலுவலகம் ஒன்றில் நாங்கள் முப்பத்து நான்கு பேர் பணிபுரிகிறோம். எங்களில் பெரும்பாலோர் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கத்தவர்கள். எங்கள் பாட்டனார்கள் டேனரிகளில் சுண்ணாம்புக் குழிக்கும் ஆவாரம்பட்டைத் தொட்டிக்கும் இடையே ஈரத்தோலைத் தோளில் சுமந்து நடந்தவர்கள். நாங்களோ அதே தோலை விற்று உண்கிறோம். ஆனால் அதைத் தொடுவதுகூட இல்லை. ஷிப்பிங் பில், இன்வாய்ஸ், வங்கிக் கடிதம், இத்தாலிக்காரருக்கு மின்னஞ்சல் என்று காலை ஒன்பதரை முதல் இரவு ஏழு வரை நாற்காலியில் கழிகிறது எங்கள் நாள். பாட்டனார்களுக்கு மூட்டு தேய்ந்தது. எங்களுக்கு வயிறு முன்வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் கணக்குப் பிரிவின் மூத்தவர் ஒருவர் பஜ்ரு தொழுதுவிட்டு வீடு திரும்பியவர், சட்டையைக் கழற்றும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். வயது ஐம்பத்திரண்டு. புகைத்ததில்லை, வெற்றிலைகூடப் போட்டதில்லை. ஐவேளைத் தொழுகையில் பிசகாதவர். இருபத்தைந்து ஆண்டுகள் ஒரே மேசை. ஜனாஸாவிலிருந்து திரும்பும் வழியில் எங்களில் யாரும் பேசவில்லை. நல்ல மனிதருக்கு நோய் வராது என்று எவரும் வாயால் சொல்வதில்லை. ஆயினும் அப்படியொரு நினைப்பு எங்கள் உள்ளத்தில் எங்கோ இருந்திருக்கிறது என்பது அன்று விளங்கியது. மவ்த்தின் நேரம் அல்லாஹ்விடம் உள்ளது. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்கல் வைக்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

அதன் பிறகுதான் முதலாளி, அலுவலகத்திலேயே மருத்துவப் பரிசோதனை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். மூன்று பேருக்குத் தங்களுக்குச் சர்க்கரை இருப்பது அன்றுதான் தெரிந்தது. அவர்களில் ஒருவருக்கு முப்பத்தொரு வயது. இதில் வியப்புக்கு ஒன்றுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணக்கிட்டது. அந்த வாசலில் நிற்பவர்களுக்குத்தான் நடை பெரிய மருந்து.

வேலையும் இதயமும் எவ்வாறு பிணைந்திருக்கின்றன என்பதை முதன்முதலில் தெளிவாகக் காட்டியது ஓர் ஆய்வகம் அன்று, இலண்டன் நகரத்துப் பேருந்து. ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் 1940களின் இறுதியில் அந்நகரின் போக்குவரத்துத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோரின் நோய்க் கணக்கைத் திரட்டினார். அங்கே ஓடியவை இரண்டடுக்குப் பேருந்துகள். ஓட்டுநர் வேலை நேரம் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ சீட்டுக் கொடுப்பதற்காக மாடிக்கும் கீழுக்கும் நாளொன்றுக்கு ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்குவார். இருவரும் ஒரே வண்டியில், ஒரே புகையில், ஏறத்தாழ ஒரே ஊதிய நிலையில் வாழ்பவர்கள். 1953இல் 'லான்செட்' இதழில் வெளிவந்த முடிவு இதுதான்: நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது, வந்தாலும் வயது கடந்து வந்தது, திடீர் மரணமும் அவர்களிடம் மிகக் குறைவு. அஞ்சல் துறையிலும் அவர் அதையே கண்டார். கடிதம் சுமந்து நடந்தவரைவிட அமர்ந்து வேலை செய்த எழுத்தருக்கு இதய நோய் அதிகம். பின்னர் பேருந்துத் தொழிலாளரின் சீருடை அளவுகளைக்கூட வாங்கிப் பார்த்து, ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பு அகலமாக இருப்பதையும் எழுதிவைத்தார். மாரிஸ் 2009இல் தொண்ணூற்றொன்பதாம் வயதில் காலமானார். கடைசிவரை உடற்பயிற்சியைக் கைவிடாத மனிதர் என்பார்கள்.

இதைப் படித்த நாளில் எங்கள் அலுவலகத்தை நாங்களே ஒரு முறை சுற்றிப் பார்த்துக்கொண்டோம். எங்களுக்கும் நடத்துநர் ஒருவர் இருக்கிறார்: தேநீர் கொண்டுவந்து, கோப்பு எடுத்துக் கொடுத்து, வங்கிக்கும் சுங்க முகவரிடமும் சென்று வரும் ஐம்பத்தெட்டு வயதுப் பெரியவர். பரிசோதனையில் எல்லாம் ஒழுங்காக இருந்த வெகுசிலரில் அவரும் ஒருவர். 'எங்களுக்கும் ஒரு டீ பாய்' என்று நாங்கள் குரல் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் பங்கு நடையையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

உடல் அசையும்போது உள்ளே நிகழ்வதை அந்தப் பரிசோதனைக்கு வந்த மருத்துவர் எளிமையாக விளக்கினார். உண்ட உணவு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. ஓய்ந்திருக்கும் தசை அதை உள்ளே எடுத்துக்கொள்ள இன்சுலின் வந்து கதவைத் தட்ட வேண்டும். சர்க்கரை நோயாளியின் உடலில் அந்தத் தட்டலுக்குத் தசை செவிசாய்ப்பதில்லை. ஆனால் சுருங்கி விரியும் தசை, இன்சுலினுக்குக் காத்திராமல் தானே வேறொரு வழியில் கதவைத் திறந்துகொள்கிறது. நடந்து முடித்த பின்னும் ஓரிரு நாள் வரை அந்தத் தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. அதனால்தான் வாரத்தில் ஒரு நாள் ஐந்து கிலோமீட்டர் நடப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாளாவது நடப்பது மேலானது. ஆஸ்திரேலியாவில் 2012இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், பருமனான பத்தொன்பது பேரை உணவுக்குப் பின் தொடர்ந்து அமர வைத்தும், வேறொரு நாளில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு நிமிடம் மெல்ல நடக்க வைத்தும் அளந்தார்கள். நடந்த நாளில் இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ கால்பங்கு குறைந்திருந்தது. மதியம் பிரியாணி உண்டுவிட்டு நாற்காலியில் சாயும் நம்மவர் அனைவரும் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலியக்கமும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. மிதமான இயக்கம் என்றால், பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்குவது. வேலை நாட்களில் நாளொன்றுக்கு அரை மணி நேரம் நடந்தால் அந்தக் குறைந்த அளவு நிறைந்துவிடும்.

இனி எங்கள் அலுவலகத்துக்கு 'நலத்திட்டம்' வந்த கதை. முதலாளியின் மகன் ஒரு ஆலோசகரை அழைத்துவந்தார். அவர் வண்ண வண்ணப் படங்களுடன் மூன்று மாதத் திட்டம் ஒன்றை விரித்தார். எல்லோரும் கைப்பேசியில் ஒரு செயலியைப் பதிய வேண்டும். நாளுக்கு 10,000 காலடி நடக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஐந்நூறு ரூபாய் போட வேண்டும். மாத இறுதியில் அதிகம் நடந்தவருக்கு மொத்தத் தொகையும் போய்ச் சேரும்.

அந்தக் கடைசிச் செய்தியைக் கேட்டதுமே எங்களில் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். எல்லோரும் பணம் போட்டு வென்றவர் அள்ளிச் செல்வதற்கு நம் மார்க்கத்தில் பெயர் வேறு. அன்று அஸருக்குப் பின் மஹல்லா ஹஜ்ரத்திடம் கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, 'நடப்பது நல்ல காரியம். ஆனால் தோற்றவனின் பணம் ஜெயித்தவனுக்குப் போனால் அது சூதாட்டத்தின் வடிவம். பரிசை முதலாளி தன் கையிலிருந்து கொடுக்கட்டும். அதில் தடையில்லை' என்றார். முதலாளியும் மறுப்பின்றி ஏற்றார். எங்களுடன் பணிபுரியும் இந்துச் சகோதரர்களுக்கும் இந்த மாற்றம் பிடித்திருந்தது. மாதம் ஐந்நூறு ரூபாய் மிச்சம் அல்லவா!

காலடிக் கணக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 10,000 என்ற எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. தோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறு ஆண்டு, 1965இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்பனைக்கு விட்ட காலடி அளவியின் பெயரே 'பத்தாயிரம் காலடி மானி'. எண் முழுமையாக இருந்ததால் உலகம் பற்றிக்கொண்டது. அமெரிக்காவில் சராசரி 72 வயதுடைய பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நாளுக்கு 4,400 காலடி நடந்தவர்களிடமே, 2,700 நடந்தவர்களைவிட இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. எங்கள் மூத்த ஊழியர்கள் இதைக் கேட்டபோது அவர்கள் முகத்தில் தெரிந்த ஆறுதலைப் பார்க்க வேண்டும். எட்ட முடியாத எண்ணை இலக்காக வைத்தால் மூன்றாம் நாளே மனிதன் கைவிட்டுவிடுவான்.

செயலி வேறொரு சிக்கலையும் கொண்டுவந்தது. யார் எத்தனை அடி நடந்தார், யார் எடை எவ்வளவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்படி ஒரு பட்டியல் ஓடியது. பருமனான சகோதரி ஒருவர் இரண்டாம் வாரமே தன் கைப்பேசியிலிருந்து அதை நீக்கிவிட்டார். அவரைப் பற்றி யாரும் கேலி பேசவில்லை என்று நாங்கள் நம்புகிறோம். ஆனால் பேசுவதற்கு வழி திறந்து வைத்திருப்பதே முறையன்று. ஒருவரின் நோயும் எடையும் அவருடைய அமானிதம். முதலாளியின் மேசைக்கு அது போகலாமா, நாளை ஊதிய உயர்வின்போது நினைவுக்கு வராதா என்ற கேள்வியை நாங்கள் எழுப்பினோம். இப்போது எடை எவர் கண்ணிலும் படுவதில்லை. காலடி எண்ணை விரும்பியவர் மட்டும் பகிர்கிறார்.

பெண்களின் நிலையை ஆலோசகர் எண்ணியே பார்க்கவில்லை. எங்களில் ஒன்பது பேர் பெண்கள். ஆண் பயிற்சியாளர் முன்னால், ஆண்களோடு ஒரே கூடத்தில் கை கால் வீசிப் பயிற்சி செய்ய அவர்களில் எவரும் விரும்பவில்லை. முஸ்லிம் சகோதரிகள் மட்டுமல்ல, மற்றவர்களும்தான். 'பெண்கள் ஆர்வம் காட்டவில்லை' என்று அவர் குறிப்பில் எழுதிக்கொண்டார். ஆர்வமின்மைக்கும் இடமின்மைக்கும் வேறுபாடு தெரியாதவர் போலும். மொட்டைமாடியைச் சுத்தம் செய்து, மாலை நாலரை முதல் ஐந்து வரை பெண்களுக்கென்று ஒதுக்கித் தந்ததும் ஒன்பது பேரில் ஏழு பேர் மேலே ஏறினார்கள். வீட்டுக்குப் போனால் அடுப்பும் பிள்ளைகளின் பாடமும் காத்திருக்கும். அந்த அரை மணி நேரம்தான் நாளில் எங்களுடையது என்று அவர்களே சொல்கிறார்கள்.

பயணமொன்றில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதையும், முதலில் அன்னை வென்று, பின்னொரு நாள் உடல் சற்றுப் பருத்த பிறகு நபியவர்கள் வென்று அதற்கிது ஈடு என்று சொன்னதையும் அபூதாவூதில் காண்கிறோம். நம் வீட்டுப் பெண்கள் வேகமாக நடந்தால்கூட முகம் சுளிக்கும் பெரியவர்களுக்கு இந்தச் செய்தியை யாரேனும் மென்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

யோகா வகுப்பு வேண்டுமா என்ற பேச்சும் எழுந்தது. சூரிய நமஸ்காரத்தில் பங்குகொள்ள எங்களுக்கு இயலாது என்றோம். மூச்சுப் பயிற்சியும், கழுத்து, தோள், முதுகை நீட்டி மடக்கும் பயிற்சியும் செய்யத் தயார் என்றோம். எங்கள் இந்துத் தோழர் ஒருவரே அந்த நீட்டல் பயிற்சிகளைக் கற்றுத் தந்தார். ஜப்பானில் 1928 முதல் வானொலியில் ஒலிக்கும் இசைக்கு ஏற்ப அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் சில நிமிடம் எழுந்து உடலை அசைக்கும் வழக்கம் உண்டு. அதற்கு எந்தச் சடங்கும் தேவைப்படவில்லை.

இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பலன் உண்டா? இதில் நேர்மையாகப் பேச வேண்டும். அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகம் தன் ஊழியர்களில் ஏறத்தாழ 5,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் நலத்திட்டம் கொடுத்துப் பார்த்தது. 2019இல் வெளியான முடிவின்படி மருத்துவச் செலவிலோ விடுப்பு நாட்களிலோ குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் முன்பே நலமாக இருந்தவர்கள் என்பதுதான் தெரியவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஒரு பெரிய விற்பனை நிறுவனத்தின் 160 கிளைகளில், சுமார் 33,000 ஊழியர்களிடையே நடந்தது. பதினெட்டு மாதத்துக்குப் பின், திட்டம் இருந்த கிளைகளில் உடற்பயிற்சி செய்வதாகச் சொன்னவர்கள் கூடியிருந்தார்கள். ஆனால் எடை, இரத்த அழுத்தம், கொழுப்பு, செலவு எதிலும் வேறுபாடு இல்லை.

அப்படியானால் நடை பயனற்றதா? அன்று. நடையின் பலனை மாரிஸ் காலம் முதல் இன்றுவரை எண்ணற்ற ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. பயனற்றுப் போவது சுவரொட்டியும் கருத்தரங்கும் பரிசுக் கோப்பையும்தான். இலண்டன் நடத்துநர் எந்தத் திட்டத்திலும் சேர்ந்தவரல்லர். அவருடைய வேலையே அவரைப் படியேற்றியது. ஆகவே எங்கள் எண்ணம் இது: ஊழியரை நோக்கி 'நீ நட' என்று சொல்வதற்குச் செலவிடும் பணத்தை, நடப்பதற்கு நேரத்தையும் வழியையும் ஏற்படுத்தச் செலவிட வேண்டும். எங்கள் அலுவலகத்தில் உண்மையாக மாறியவை சிறியவை. அச்சு இயந்திரம் ஒவ்வொரு மேசையிலிருந்தும் எடுக்கப்பட்டுக் கூடத்தின் கோடிக்குப் போனது. தேநீரை எழுந்து சென்று எடுத்துக்கொள்கிறோம். மதிய இடைவேளை பதினைந்து நிமிடம் நீட்டப்பட்டது. எல்லாவற்றிலும் பெரியது அந்தப் பதினைந்து நிமிடம்தான்; அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வாய்ப்பேச்சு.

அந்த நேரத்தை நாங்கள் பள்ளிவாசலுக்கு நடந்து போகப் பயன்படுத்துகிறோம். முன்பு லுஹரையும் அஸரையும் கோப்பு அறையில் பாய் விரித்துத் தொழுதுவிடுவோம், அது கூடாததன்று. இப்போது லுஹருக்கு நடந்து செல்கிறோம். போக எட்டு நிமிடம், வர எட்டு நிமிடம். பனூ ஸலிமா குலத்தார் மதீனாவில் பள்ளிக்கு அருகே குடிபெயர விரும்பியபோது, உங்கள் இல்லங்களிலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. செயலி எண்ணும் காலடியும் இதுவும் ஒன்றல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆயினும் ஒரே நடையில் இரண்டும் கிடைக்கும்போது எவர் விடுவார்?

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். 'தொழுகையே மிகச் சிறந்த உடற்பயிற்சி, தொழுகிறவனுக்கு நடைப்பயிற்சி தேவையில்லை' என்ற வாட்ஸ்அப் செய்தி நம் குடும்பங்களில் ஓயாமல் சுற்றுகிறது. தொழுகை இபாதத். நாம் ஸஜ்தா செய்வது அல்லாஹ்வுக்காக, முதுகெலும்புக்காக அன்று. ஐவேளை பர்ளில் 17 ரக்அத், 34 ஸஜ்தா. தரையிலிருந்து எழுந்து நிற்கும் அந்த அசைவு மூட்டுக்கும் தொடைக்கும் நல்லதே. நீண்ட நேர அமர்வை அது உடைக்கவும் செய்கிறது. ஆனால் மூச்சு வாங்க வைக்கும் இயக்கம் அதில் இல்லை. எங்கள் கணக்கர் ஒரு வக்தும் விட்டதில்லை என்று மேலே சொன்னோம். மார்க்கத்தைப் புகழ்வதாக எண்ணி இவ்வாறு எழுதுகிறவர்கள், இருவிதத்தில் தீங்கு செய்கிறார்கள்: வணக்கத்தை வைத்தியமாகக் குறைக்கிறார்கள், நோயாளியை நடக்கவிடாமல் தடுக்கிறார்கள். இரவெல்லாம் நின்று வணங்கிப் பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உன் மீது உரிமை உண்டு என்ற பொருளில் நபியவர்கள் உணர்த்தியதை புகாரியில் படிக்கிறோம். வணக்கத்தையும் உடலின் உரிமையையும் அங்கே தனித்தனியாகவே எண்ணியிருக்கிறார்கள்.

ரமலானில் போட்டியை நிறுத்திவைத்தோம். தராவீஹையே உடலியக்கக் கணக்கில் சேர்க்கலாம் என்று நீரிழிவும் ரமலானும் குறித்த பன்னாட்டு மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. இஃப்தாருக்கு முந்திய கடைசி மணிகளில் கடுமையாக உழைக்க வேண்டாம் என்றும், இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ நோன்பை முறித்துவிட வேண்டும் என்றும் அது எச்சரிக்கிறது. விரலில் ஊசி குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை ஹஜ்ரத் ஒரு ஜும்ஆ பயானில் சொன்ன பிறகே எங்களில் இருவர் அளந்து பார்க்கத் துணிந்தார்கள். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரைப் பார்ப்பது நல்லது; முதல் நோன்பன்று அன்று.

எல்லாவற்றையும்விட எங்களைச் சங்கடப்படுத்திய கேள்வி கீழ்த்தளத்திலிருந்து வந்தது. எங்கள் கட்டடத்தின் கீழே கிடங்கு. அங்கே ஆறு பேர் தோல் கட்டுகளைத் தோளில் ஏற்றி இரண்டாம் மாடி வரை சுமக்கிறார்கள். போட்டி அறிவித்த அன்று அவர்களில் ஒருவர், 'எங்களையும் சேர்த்துக்கோங்க பாய், பரிசு எங்களுக்குத்தான்' என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம். பின்னர் அந்தச் சிரிப்பு உறுத்தியது. அவருடைய வலது மூட்டு வீங்கியிருந்தது. விரும்பி நடக்கும் நடை இதயத்தைக் காக்கிறது. ஆனால் ஓய்வின்றி, தன் விருப்பத்துக்கு நிறுத்த முடியாமல், நாள்தோறும் எட்டு மணி நேரம் சுமக்கும் சுமை அவ்வாறு காப்பதில்லை என்பதை டென்மார்க் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்கள். நடத்துநர் படியேறினார், ஆனால் தோளில் மூட்டையோடு அல்ல. உடலியக்கம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பது அநீதி.

கடைகளில் நிற்பவர்கள் கதையும் இதுவே. நம் சமுதாயத்தில் எத்தனை குடும்பங்கள் ஜவுளிக்கடையும் செருப்புக்கடையும் மளிகைக்கடையும் நடத்துகின்றன! அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை நிற்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அமரக் கூடாது என்பது எழுதப்படாத சட்டம். கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இலும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர் அமர்வதற்கு இருக்கை வைக்க வேண்டும் என்று விதித்தன. நம்மவர் கடைகளில் அந்த இருக்கைகள் உண்டா என்று ஒவ்வொருவரும் தம் கடையில் பார்த்துக்கொள்ளலாம். நமக்குக் கீழே பணிபுரிபவர்கள் மீது அவர்கள் தாங்க முடியாததைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் துணை நில்லுங்கள் என்ற கருத்திலான நபிமொழி பயான்களில் அடிக்கடி ஒலிக்கிறது. அமர்ந்தே இருப்பவன் எழ வேண்டும். நின்றே இருப்பவனுக்கு அமர இடம் வேண்டும். பணியிட நலம் என்ற பேச்சு முதல் பாதியோடு நின்றுவிட்டால் அது மேல்மாடிக்காரர்களுக்கான ஆடம்பரம்.

முதலாளியிடம் இதைச் சொல்லத் தயக்கம் இருந்தது. செலவு பிடிக்கும் செய்தி. மேலும் மூத்தவர், ஹாஜியார், எங்கள் வீட்டுத் திருமணங்களில் முன்வரிசையில் அமர்பவர். மூன்று பேர் சேர்ந்து போனோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, 'எங்க வாப்பா தோள்ல சுமந்துதான் இந்தக் கடைய வச்சாங்க. கடைசி பத்து வருஷம் அவங்களால ருகூஃ செய்ய முடியல, உக்காந்துதான் தொழுதாங்க' என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

இரண்டு வாரம் கழித்து, கோப்பை வாங்க ஒதுக்கிய பணத்தில் கிடங்குக்கு இரண்டு தள்ளுவண்டிகள் வந்தன. கட்டுகளின் எடையையும் குறைத்துக் கட்டச் சொல்லியிருக்கிறார். சுமை தூக்கும் ஆறு பேரையும் மருத்துவப் பரிசோதனையில் சேர்த்தாயிற்று. மூட்டு வீங்கியவர் இப்போது தரைத்தளத்தில் எண்ணிக்கை பார்க்கும் வேலையில் இருக்கிறார், கூலி குறையவில்லை. சரக்கு ஏற்றும் மின்தூக்கி அமைக்கக் கட்டடத்தின் பின்பக்கச் சுவரை இடிக்க வேண்டுமாம். அதற்குப் பக்கத்துக் கட்டடத்துக்காரரின் சம்மதம் வேண்டும். அவரும் தோல் வியாபாரிதான், அவரிடமும் நான்கு பேர் மாடிக்குச் சுமக்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவரோடு பேச முதலாளியும் எங்களில் இருவரும் நடந்து போவதாக இருக்கிறோம்.